நேர்த்தையல்

சீருடை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவள் தைத்தது சட்டைப் பை மட்டும்தான். அதுவும் இடப்பக்கப் பை. முழுச் சட்டை ஒன்றைக்கூட அவள் தைத்ததில்லை. அங்கே எல்லோருக்கும் அவள் 'பாக்கெட்டக்கா'.

வேலையை விட்டபிறகு வீட்டுக்கு ஆற அமரத் தைக்கலாம் என்று துணி சேர்த்துவந்தாள். வாங்கியதும் இரவெல்லாம் ஊறப்போடுவாள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். வெள்ளைக் கைக்குட்டையோடு பிழிந்து சாயம் போகிறதா என்று பார்ப்பாள். நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்திலேயே தேய்த்து, அளவும் ஆளும் எழுதிய சீட்டைக் குத்திவைப்பாள். மடித்த இடத்தில் வெளுத்துவிடாமல் இருக்க மாதம் ஒருமுறை மாற்றி மடிப்பாள்.

"பீரோ ரெண்டும் துணிக்கு. எனக்குக் கொடிக்கயிறு" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

வேலையை விடுவதற்கு மூன்று மாதம் இருக்கையில் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கியது. வலிக்கவில்லை. துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. டாக்டர் விரல் நுனிகளைக் குத்திக் குத்தி, "தெரியுதா?" என்றார்.

"தெரியுதே. பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

கண்ணை மூடச் சொன்னார். அதன்பின் ஒன்றும் தெரியவில்லை. நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது என்றார்.

வேலையிலிருந்து நின்றாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள். பீரோப் பக்கம் போகவில்லை.

லீவுக்கு வந்த மகள்தான் திறந்தாள். சீட்டைப் படித்தாள்: 'மகளுக்குப் பாவாடை. இடுப்பு இருபத்திரண்டு.'

"எனக்காம்மா? இப்ப என் ஒரு காலுக்குத்தான் பத்தும்." சிரித்துவிட்டு, "யாருக்காவது குடுத்துடலாமா?" என்றாள்.

"குடு."

"கோபம் வந்தா திட்டும்மா. இப்படி இருக்காதே."

"வந்தா திட்ட மாட்டேனா?"

மகள் துணியைக் கீழே வைக்கவில்லை. "தைக்கவே கூடாதுன்னா சொன்னாரு டாக்டர்?"

"வளைவு வராது. துணி நழுவுனா கைக்குத் தெரியாது."

"நேராத் தச்சா?"

சற்று யோசித்தாள். "நேரா போறதுக்குக் கண்ணு போதும்."

அப்படித்தான் பாவாடைத் துணி தலையணை உறையானது. மகள் ஊருக்குப் போன பிறகும் தினம் ஒன்று தைத்தாள். பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாள்.

வேலை முடிந்து வந்த கணவர் எண்ணிப் பார்த்தார். "ரெண்டு தலகாணிக்கு ஒம்போது உறையா? அதுவும் பாத்துப் பாத்து வச்ச துணியில?"

"சும்மாதானே கெடந்துச்சு."

"தைக்கப் புடிச்சிருக்கா?"

நூல் அறுந்தது. மெஷினை நிறுத்தினாள். "தெரியல."

"அப்புறம் ஏன்?"

"மத்தியானம் போயிடுது."

அவர் அறுந்த நூலை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஊசியில் கோத்துக் கொடுத்தார்.