லிஃப்ட்காரர் சொன்ன ‘நாம’

வீடு விற்றுக் கொடுப்பது என் தொழில். பிரியப்போகிற புருஷன் பெண்டாட்டியின் வீடு என்றால் அவர்கள் வாயைக் கட்டிப்போடுவதுதான் எனக்கு முதல் வேலை. ஆளுக்கொரு விலை சொல்லாதீர்கள், அவசரத்தைக் காட்டாதீர்கள், வருகிறவரிடம் சண்டைக் கதையை அவிழ்த்துவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்வேன். பாதிப் பேர் மூன்றையும் செய்து தொலைப்பார்கள்.

லிஃப்ட்காரர் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். குழிக்குள் தனியாக நின்று வேலை பார்த்தே பேச்சு குறைந்துபோன மனுஷர். மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். அந்த அம்மா மகளோடு தன் அக்கா வீட்டில் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்குள் இருவருமாக விற்காவிட்டால் ஏலம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஏலம் என்றால் விலை பாதாளத்துக்குப் போகும். மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் அந்த அம்மா பார்த்து வைத்திருந்த சின்ன வீடு கைநழுவிப் போகும்.

பத்து நாள் மிச்சமிருக்கையில் ஒரு மருந்துக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். கோர்ட் காகிதத்தைப் படித்தும் முகம் சுளிக்காத தங்கமான ஆள். லிஃப்ட்காரருக்கு என்ன வந்ததோ, அன்றைக்குப் பார்த்து வாய் திறந்துகொண்டது.

“இந்த ஜன்னல் கொக்கி மக்கர் பண்ணும். மழைக்கு முன்னாடியே நாம சாத்திரணும்.”

“மோட்டாரப் போட்டுட்டு நாம மறந்துரக் கூடாது, தொட்டி வழிஞ்சிரும்.”

“பின்னாடி மரத்த நாம வெட்ட வேணாம். சமையலறைக்கு அதான் நிழல்.”

நீங்கள் என்றிருக்கலாம். நாங்கள் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வாங்க வந்தவரையும் சேர்த்துக்கொண்டு வீடு முழுக்க ‘நாம’ போட்டுக் குடித்தனம் நடத்தினார். நான் இருமிப் பார்த்தேன். காலை மிதித்தேன். “இடம் பத்தலையா, இப்படி வந்து நில்லுங்க” என்று எனக்கு வழிவிட்டார். கூடத்து நாற்காலியில் அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். “வீடு பிடிச்சிருக்கு சார். ஆனா அவர் காலி பண்ணுவார்னு எங்க வீட்டம்மாவுக்கு நம்பிக்கையில்ல. எல்லாத்துக்கும் நாமங்கறாரே! நாளைக்கு நாங்க கோர்ட்டுக்கு அலையணுமா?”

எழுதி வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். மசியவில்லை. அந்த ‘நாம’ எங்கள் எல்லாருக்கும் சேர்த்து நாமம் போட்டுவிட்டது. லிஃப்ட்காரரைப் பிடித்துக் கத்தினேன்.

“சத்தியமா தெரியலீங்க. எப்படி வந்துச்சுன்னே தெரியல” என்றார். பொய் சொல்கிற முகமில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கெடு முடிந்தது; அரை மணி நேரத்தில் வீடு அடிமாட்டு விலைக்கு ஏலம் போனது. கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேலை இருக்கவில்லை. கோர்ட் வராந்தாவில் லிஃப்ட்காரர் தன் மனைவிக்கு எதிரே போய் நின்றார்.

“வேணும்னு பண்ணல. என்னை நம்பு.”

“தெரியும்” என்றார் அந்த அம்மா. “பதினாறு வருஷமா ‘நான் சொல்லிட்டேன்’, ‘நான் முடிவு பண்ணிட்டேன்’, இதத்தான் கேட்டேன். ஒரு நாள்கூட எங்கிட்ட நாமன்னு சொன்னதில்ல. முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட எவ்வளவு சுலபமா வந்துச்சு உங்களுக்கு!”

பள்ளி விடுகிற நேரமாகிவிட்டதென்று அந்த அம்மா படியிறங்கினார். மகளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.