கேள்வி டீச்சரின் இரண்டாம் தெரு

என் அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதில் படிப்பு ஆசை பிடித்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, பல்கலைக்கழகத்தில் சர்வதேசப் பொருளாதார வளர்ச்சி என்ற முதுகலையில் சேர்ந்தாள். ஏழை நாடுகள் எப்படி முன்னேறும் என்று படிக்கிறாளாம். முதலில் நம் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பார் என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

ஆய்வுக்கு இரண்டு தெருக்கள். முதல் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர் வடிகட்டி. இரண்டாம் தெருவுக்கு வெறும் கேள்வி: தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்களா, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டா? வாராவாரம் போய் இதையே கேட்டதில் ‘கேள்வி டீச்சர்’ என்று பெயரே வந்துவிட்டது. முதல் தெருவில் நோய் குறைய வேண்டும், இரண்டாவதில் குறையக் கூடாது. அந்த வித்தியாசத்தில்தான் அவள் பட்டம் இருந்தது. விடுப்புக்குள் முடிக்காவிட்டால் இரண்டு வருடமும் வீண்.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு தெருவிலும் நோய் ஒரே அளவு குறைந்திருந்தது. அக்காவுக்குப் பேயறைந்த மாதிரி முகம். என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டாம் தெருவுக்கு ஓடினாள். அங்கே ஒரு தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"வாராவாரம் வந்து கேட்டா, எத்தனை தடவைதான் இல்லைன்னு சொல்றது டீச்சர்? வெக்கமா இருக்காதா? இப்பத் தெருவே கொதிக்க வைக்குது."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். இதையே எழுதலாம், ஆனால் கேள்விதான் காரணம் என்று காட்ட வேண்டும், மூன்று மாதம் கேட்காமல் இருந்து பாருங்கள் என்றார். விடுப்பில் நான்கு மாதம் மிச்சம் இருந்தது. அக்கா தயங்கினாள். மூன்று மாதத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று சொன்னவள் நான்தான். என் வாயை என்ன செய்வது!

மூன்று மாதம் கழித்துப் போனோம். மிஷின் ஓடவில்லை. தையல்காரம்மாவின் பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள். வாடிய கீரை மாதிரி பாயில் கிடந்தாள். எதிர்வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு அதே வயிற்றுப்போக்கு.

"கேக்க ஆளில்லை, எதுக்குக் கேஸை வீணாக்கணும்னு விட்டுட்டோம். உங்க ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சோம்" என்றார்.

அக்கா வந்தது இந்தப் பதிலுக்குத்தான். தாளை எடுத்தாள், எழுதவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஆராய்ச்சி முடியலைம்மா. நீங்க விட்டுடுறீங்களான்னு பாக்கத்தான் வராம இருந்தேன்."

தையல்காரம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர்ப் பானையை ஏற்றினார்.

"சரி, எழுதிக்கங்க. உங்க படிப்பாவது முடியட்டும்" என்றார்.

அக்கா எழுதினாள். பட்டமும் வந்துவிட்டது. அதை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தாளில்லாமல் வெறுங்கையோடு இரண்டாம் தெருவுக்குப் போய், வீடு வீடாகக் கேட்டுவிட்டு வருகிறாள்.