ஆட்டுக் கொட்டகையில் கிடைத்த அனுமதி

போன வாரம் மலைமேல் செம்மேட்டில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். லாட்ஜுக்குக் காசில்லை. எனக்கு இது புதிதும் இல்லை. தேவனூர் நாட்டில் — சில ஊர்கள் சேர்ந்தால் இங்கே ‘நாடு’ — தெரிந்த விவசாயி காளியப்பன் வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

போனால்... வீட்டில் யாருமில்லை. பக்கத்து ஆட்டுக் கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, இங்க வாங்க!" காளியப்பன், மனைவி பொன்னாயி, ஆடுகள் — எல்லோரும் ஒரே குடும்பமாக உள்ளே.

"ஊடு என்னாச்சு?"

"ஊடு நல்லாத்தான் இருக்குதுங்க. மேல பாருங்க."

பார்த்தேன். பெரிய பலாமரம் ஒன்று ஓட்டுக்கூரை மேல் சாய்ந்து நின்றது. அடிமரம் பொந்து. காற்றடித்தால் முனகுகிறது.

சொந்த நிலம், சொந்த மரம். வெட்ட வேண்டியதுதானே? கூடாது! மலையில் மரம் வெட்ட அரசாங்க அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம் என்றால் சுலபம். பச்சை மரம் என்றால் அதிகாரி வந்து பார்க்க வேண்டும். மனு போட்டுவிட்டு மாதக்கணக்கில் ஆடுகளோடு தூங்குகிறார்கள். நானும் தூங்கினேன். ரயில்வே பிளாட்பாரத்துக்கு எவ்வளவோ மேல். கதகதப்பு இலவசம்.

காலையில் அதிர்ஷ்டம் — அதிகாரியே வந்துவிட்டார். இந்த மலையில் வாசலுக்கு வந்தவர் வாயில் ஏதாவது விழாமல் பேச்சு ஆரம்பிக்காது. பொன்னாயி முறம் நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார்.

"அடேயப்பா... தேன்!" என்றார் அதிகாரி.

"இன்னும் ரெண்டு எடுங்க சாமி. எல்லாம் இந்த மரத்துப் பழந்தானுங்க!"

காளியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். அதிகாரியின் கை சுளையோடு நின்றது.

"காய்க்கிற மரமா? அப்ப நான் அனுமதி தர முடியாதே. குழு வரணும்."

"குழு எப்பங்க வரும்?"

"மழைக்காலம் முடிஞ்சு."

"மரம் மழையிலதானுங்களே விழும்?"

"அதுக்கு விதியில இடமில்லையே..." இன்னொரு சுளை உள்ளே போனது.

காளியப்பன் மனைவி பக்கம் திரும்பினார். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"பின்ன, வந்தவங்களுக்குப் பச்சத்தண்ணியக் காட்டறதா?"

சண்டை சூடு பிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. "சாமி, நீங்க ஊட்டுக்குள்ள போங்க. ஆட்டு வாசம் உங்களுக்கு ஆகாது!" என்று கத்திக்கொண்டே காளியப்பன் கொட்டகைக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். அதிகாரி வீட்டுக்குள் — தனியாக.

மரம் முனகியது. ஒரு பலாப்பழம் ஓட்டின் மேல் தொம்மென்று விழுந்தது. அடுத்த நிமிஷம் செருப்புகூட இல்லாமல் இரண்டு ஆடுகளுக்கு நடுவே அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"உடனடி ஆபத்துன்னா நானே அனுமதிக்கலாம்னு ஒரு விதி இருக்கு," என்றார் மூச்சு வாங்க. "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

ஒரு குட்டி அவர் விரலைப் பாசமாக நக்கியது. தேன் சுளை அல்லவா? மற்றொரு கையால் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கயிறு கட்டி மரத்தை மறுபக்கமாக இறக்கினோம். நானும் இழுத்தேன், உள்ளங்கை உரிந்தது, அவ்வளவுதான். காளியப்பனும் பொன்னாயியும் வீட்டுக்குள் குடியேறினார்கள். ஆடுகளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அதிகாரி கெட்டவர் இல்லை. விதி மேல் விதியாக அடுக்கி வைத்தால், வேண்டிய விதி எங்கே கிடைக்கும்? அடியில்தான் கிடக்கும்.

சிக்கலான சட்டங்களைத் திருத்தக் கமிட்டி போட வேண்டும் என்கிறார்கள். தாராளமாகப் போடட்டும். முதல் கூட்டத்தை மட்டும் ஒரு சாய்ந்த பலாமரத்தடியில் வைக்கட்டும் — இரண்டாவது கூட்டமே தேவைப்படாது!