கிள்ளான் சந்தையில் இந்த வார விலை

மலேசியாவின் கிள்ளான் ஆட்டுச் சந்தை. என் மகன் வளர்த்த ஆடுகள் லோரியிலிருந்து இறங்குகின்றன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரம்தான் விற்க வேண்டும் என்று காத்திருந்தவன், மோட்டார் விபத்தில் அடிபட்டு, இன்னும் கண் திறக்காமல் மருத்துவமனையில் கிடக்கிறான்.

"விலை கிலோவுக்கு ரெண்டு வெள்ளி ஏறிருச்சு அக்கா. தம்பி சொன்னது சரிதான் லா. எங்க, அந்த வாயாடி வரலையா?" என்கிறார் வியாபாரி.

விபத்தைச் சொல்லி, கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி நீட்டுகிறேன். "அவன் காதுகிட்ட வைக்கணும். விலைய இதுல சொல்லுங்க அண்ணே."

அவர் தொண்டையைச் செருமுகிறார். "டேய் தம்பி, முப்பத்தெட்டு வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு தரமாட்டேன்."

சொல்லிவிட்டு, பழக்கத்தில், அவனுடைய பேரத்துக்குக் காத்திருக்கிறார். பதில் வராத அந்த நேரமும் கைப்பேசியில் பதிவாகிறது.