பதினோராவது வரி

வெல்டிங்குக்குக் கரண்ட் கொடுக்கிற அந்த டீசல் எஞ்சினின் பக்கக் கதவைத் திறந்தால் உள்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மொத்தம் பதினோரு வரி. தினமும் காலை ஏழு மணிக்கு, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால், ஒருவர் அதை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் நின்று கேட்க வேண்டும். கம்பெனிச் சட்டம் அப்படி. பத்தொன்பது வருஷமாக அதைப் படித்தவர் ஒரே ஆள். அதனால் அவருக்கு வாத்தியார் என்று பேர் விழுந்துவிட்டது. மற்றபடி அவர் தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைக்கிற வெல்டர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் எட்டாம் வகுப்போடு கணக்குத் தீர்ந்தது.

அந்த உத்தியோகம் அவர் கேட்டு வாங்கியதில்லை. இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதிநீர் பீய்ச்சி வலது முன்னங்கை வெந்துபோயிற்று. கட்டு அவிழ்த்து வேலைக்கு வந்த அன்றே மேஸ்திரி சொன்னார்: "மூணாவது வரிய இனிமே நீதான்யா படிக்கணும். சாட்சி உன் கையிலயே இருக்கு." மூணாவது வரியோடு மீதிப் பத்தும் அவர் தலையில் விழுந்தன.

யார் கேட்டார்கள் என்கிறீர்கள்? எஞ்சினை மூடிய இடத்தில் ஓட்டாதே, புகை ஆளைக் கொல்லும் என்று அவர் படிக்கும்போது ஒருவன் கொட்டாவி விடுவான். ஓடும்போது டீசல் ஊற்றாதே என்னும்போது இன்னொருவன் ஷூவுக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டிருப்பான். அவர் மட்டும் என்ன ஒழுங்கா? 'கேபிளை உடம்பில் சுற்றிக்கொள்ளாதே' என்பது ஏழாவது வரி. அதைப் படிக்கும்போது அவருடைய இடது தோளில் கேபிள் இரண்டு சுற்று சுற்றிக் கிடக்கும். குழாய் மேல் ஏறி நடக்கிறவனுக்கு அது வசதி. கேபிள் உரசி உரசி எல்லாச் சட்டையிலும் அந்தத் தோள்தான் முதலில் கிழியும். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற அவர் மனைவி, புதுச் சட்டை வாங்கிய அன்றே இடது தோளில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்துவிடுவாள்.

எட்டாவது வரியில் ஒரு வழக்கமான வம்பு உண்டு. 'மின்சாரம் தாக்கியவனைக் கையால் தொடாதே, முதலில் எஞ்சினை நிறுத்து.' எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற ஆளை எல்லாரும் டீசல் என்று கூப்பிடுவார்கள். அவன் அந்த இடத்தில் தினமும் குறுக்கே பேசுவான்: "அதெல்லாம் முடியாதுண்ணே. நீ விழுந்தா நான் மொதல்ல உன்னத்தான் புடிப்பேன்." "நாசமாப் போ" என்று சொல்லிவிட்டு வாத்தியார் ஒன்பதுக்குப் போவார்.

கடைசி வரிக்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். "பதினொண்ணு. நெஞ்சுல மெஷின் வெச்சவங்க எஞ்சின் கிட்ட வரக்கூடாது. அந்த வசதியெல்லாம் நமக்கு ஏது? போங்கய்யா, வேலையப் பாருங்க." பத்தொன்பது வருஷமும் அதே வார்த்தை. அதற்கு ஒரு சிரிப்பு எழும். சிரிப்பு முடிவதற்குள் டீசல் சாவியைத் திருகியிருப்பான். அதுதான் வேலை தொடங்குவதற்கான மணி.

வாத்தியாருக்கு ஐம்பத்து மூன்று வயது. இரண்டு வருஷமாகவே அசதி. மத்தியானம் ஹெல்மெட்டைக் கழற்றினால் கண் இருட்டிக்கொண்டு வரும். வெயில் என்று நினைத்தார், வயசு என்று நினைத்தார், தூக்கம் போதவில்லை என்று நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் வாளியோடு சாய்ந்துவிட்டார். மனைவி கதவை உடைக்காத குறையாகத் தள்ளித் திறந்தாள். இதயம் அவ்வப்போது துடிக்க மறந்துபோகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இடது காறையெலும்புக்குக் கீழே, நெஞ்சுத் தோலுக்குள் பேஸ்மேக்கர் என்று ஒரு பெட்டியை வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுத் தட்டை. இதயம் மறக்கும்போதெல்லாம் இது தட்டிக்கொடுக்குமாம்.

"எவ்வளவு தூரத்துல நின்னு வெல்டிங் பண்ணலாம், சார்?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"அந்தக் கேபிள்ல ஓடற கரண்ட் இந்தப் பெட்டியக் குழப்பிடும். குழம்பினா அது தட்ட வேண்டிய நேரத்துல தட்டாது. நீங்க வேற வேலை பாருங்க."

வேற வேலை. ரெண்டே சொல்லில் முடித்துவிட்டார் மகராசன். முப்பது வருஷமாகக் கறுப்புக் கண்ணாடி வழியாக ஒரு நெருப்புப் புள்ளியைப் பார்த்தே பழகிய ஆள், வேறு எதைப் போய்ப் பார்ப்பது? வாத்தியாருக்கு ஆத்திரம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

வேலையிடத்தில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தார். நாற்பது நாள் லீவு. அந்த நாற்பது நாளும் படுத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டார். கேபிளை வலது தோளுக்கு மாற்றிக்கொள்வது. எஞ்சினைத் தள்ளி நிறுத்தச் சொல்வது. ஒரு குழாய் இணைப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வது. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நாற்பத்தோராவது நாள் காலை கிளம்பும்போது சட்டையை எடுத்தார். இடது தோளில் ஒட்டுத் துணி இல்லை. ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. மற்ற மூன்று சட்டையையும் புரட்டினார். அவற்றிலும் பிரித்துவிட்டிருந்தாள்.

"வலது பக்கம் வெச்சுத் தெச்சுக் குடேன்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"தைக்க மாட்டேன்." அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு உங்க தலைய மடியில வெச்சுக்கிட்டு மூச்சு வருதா வருதான்னு பாத்தது நான். நீங்களா அவங்ககிட்ட சொல்றீங்களா, இல்ல நான் வந்து சொல்லட்டுமா?"

அவர் துளை விழுந்த சட்டையையே போட்டுக்கொண்டு போனார்.

ரோட்டோரப் பள்ளத்தில் குழாய்கள் காத்துக்கிடந்தன. ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன வாத்தியாரே, எறங்கினது ஏறிடுச்சா?" என்றார் மேஸ்திரி. "ஏறிடுச்சு, ஏறிடுச்சு" என்றார். நாற்பது நாளும் தாளை யார் படித்தது என்று கேட்டார். "யாரும் படிக்கல. படிச்சோம்னு கையெழுத்து மட்டும் போட்டுட்டோம்" என்றான் டீசல்.

வாத்தியார் எஞ்சினின் கதவைத் திறந்தார். தாளைப் பார்க்காமலே படிக்க வரும், இருந்தாலும் பார்த்துக்கொண்டே படித்தார். புகை. டீசல். ரேடியேட்டர். ஏழாவது வரியில் தோள் வெறுமையாக இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. எட்டை ஆரம்பித்தார். "கரண்ட் அடிச்சவனக் கையால தொடாத."

"அதெல்லாம் முடியாதுண்ணே" என்று டீசல் ஆரம்பித்தான். நாற்பது நாள் விட்டுப்போன சந்தோஷம் அவன் குரலில் இருந்தது. "நீ விழுந்தா நான் மொதல்ல உன்னத்தான் புடிப்பேன்."

இன்றைக்கு அது வம்பாகக் கேட்கவில்லை. பெட்டி குழம்பினால் விழப்போகிறவர் அவர்தான். ஈரப் பள்ளத்தில், கையில் கரண்ட் ஓடும் வெல்டிங் ஹோல்டரோடு விழுவார். இந்த மடையன் எஞ்சினை நிறுத்தமாட்டான். யோசிக்காமல் குதித்து அவரைப் பிடிப்பான். பெட்டி வைத்தது ஒருத்தனுக்கு, போவது ரெண்டு பேர். நாற்பது நாள் போட்ட திட்டத்தில் இவன் எங்கேயும் வரவில்லையே என்று வாத்தியாருக்கு வெட்கமாகிவிட்டது.

ஒன்பது, பத்து என்று படித்து முடித்தார். டீசல் சாவியில் கை வைத்துக் காத்திருந்தான்.

"பதினொண்ணு. நெஞ்சுல மெஷின் வெச்சவங்க எஞ்சின் கிட்ட வரக்கூடாது." தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "அந்த வசதி இப்ப எனக்கு வந்துடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கத்தைவிடப் பெரிய சிரிப்பு. பழைய நகைச்சுவையைப் புதுசாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். டீசல் சாவியைத் திருகினான். எஞ்சின் இரைந்தது. அதற்கு மேல் அவர் என்ன சொன்னாலும் யார் காதிலும் விழாது.

வாத்தியார் திரும்பி நடந்தார். தண்ணீர் டிரம்மைத் தாண்டி, குழாய் அடுக்கைத் தாண்டி, வண்டிகள் நிறுத்துகிற இடம்வரை போய் நின்றார். 'வா' என்று மேஸ்திரி கையசைத்தார். வாத்தியார் தலையை ஆட்டினார். மேல் பித்தான் இரண்டைக் கழற்றிச் சட்டையை இடது பக்கம் விலக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார். இன்னும் மங்காத சிவப்புத் தழும்பு, அதன் கீழே புடைத்த பெட்டி. எஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

எஞ்சின் நின்றது. டீசல்தான் நிறுத்தினான். எட்டாவது வரியை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகச் செய்திருந்தான்.

பிறகு மெதுவாக அவரிடம் நடந்து வந்தான். பக்கத்தில் வந்ததும் தன் சட்டையில் எண்ணெய் பட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான், அதுவும் பெட்டிக்கு ஆகாது என்பதுபோல.

"எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்ணே?" என்று கேட்டான்.

பத்தொன்பது வருஷம் படித்த தாள் வாத்தியார் கண் முன்னால் முழுசாக வந்தது.

"அது தாள்ல போடலடா" என்றார்.