ராகுகாலமும் காம்பர்வானும்

போன வெள்ளிக்கிழமை சிட்னியில், எங்கள் லிட்கம் வீட்டில் மூன்று பேர் ஒரு டேப்லெட்டைச் சுற்றி இருந்துகொண்டு, ஒன்றரை மணித்தியாலம் ஒன்றுமே செய்யாமல் இருந்தோம்.

காரணம் நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், நான் எப்போதும் "எங்கையெண்டாலும் சரி" என்றுதான் சொல்வேன். வாய் அப்படியே பழகிவிட்டது. கோல்ட் கோஸ்ட் என்றாலும் சரி, மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் மச்சாள் வீடு என்றாலும் சரி. இந்த முறை என்ன பிடித்ததோ... சோற்றைக் குழைத்துக்கொண்டே, "மலைக்குப் போவமே?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லோருடைய கையும் சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது.

"அத்தை, நீங்களா கேட்டீங்க?" என்றாள் மருமகள். அவள் திருச்சிப் பிள்ளை. இத்தனை வருடம் எங்களோடு இருந்தும் அவளுக்கு எங்கள் யாழ்ப்பாணத்து 'மாமி' வரவில்லை. எனக்கும் 'அத்தை' பிடித்துப்போய்விட்டது.

"ஓம் பிள்ளை, நான்தான்."

"அப்ப கண்டிப்பா போறோம்! கேம்பர்வேன் எடுக்குறோம், ஸ்னோயி மலைப் பக்கம் ஒரு பார்க்ல நிறுத்துறோம், மூணு நாள் அங்கயே தங்குறோம்!"

அடுத்த நாளே வான் புக் பண்ணியாயிற்று. மகனுக்கும் அவளுக்கும் லீவும் கிடைத்துவிட்டது. வானின் உள்பக்கத்தைப் படத்தில் காட்டினாள். அம்மாடி! மேசையை மடக்கினால் கட்டில். கட்டிலைத் தூக்கினால் அதற்குள் சாமான் வைக்கிற பெட்டி. மூலையில் ஒரு சின்னக் குசினி — காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கை கழுவத் தொட்டி. ஆறு பேர் படுக்கலாம். நாங்கள் ஐந்து பேர்: இவர், நான், மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி.

அன்றைக்கே புட்டுக்குழலை எடுத்துத் துலக்கி வைத்தேன். விடிகாலைக் குளிர், திறந்த வான் கதவு, புட்டு ஆவி, எதிரே மலை... நினைத்துப் பாருங்கள்!

"உமக்கு வீட்டிலையும் குசினி, மலையிலையும் குசினி. பிறகேன் அவ்வளவு தூரம்?" என்று இவர் நக்கலடித்தார்.

"வீட்டுக் குசினி ஜன்னலாலை பக்கத்து வீட்டுக்காரன்ரை வேலிதான் தெரியுது" என்றேன்.

பேத்திக்கு மட்டும் ஒரு கவலை. "அப்பம்மா, நோ வைஃபை! வாட் வில் வீ டூ?" என்றாள்.

"புட்டுக்குத் தேங்காய் திருவலாம்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சரி, வான் இருந்தால் போதுமா? அதை நிறுத்த இடம் வேண்டுமே! அந்தப் பார்க்கில் இடங்கள் கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் புக்கிங் திறக்கும், அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மருமகள் சொன்னாள். அன்று அவளுக்கு வீட்டிலிருந்து வேலை. எல்லா விபரமும் முன்கூட்டியே நிரப்பிவிட்டுத் தயாராக இருந்தாள். பச்சைப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

பத்தரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, என் கண் சுவர்க் கலண்டருக்குப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி அனுப்பியது. வெள்ளி ராகுகாலம் — பத்தரை தொடக்கம் பன்னிரண்டு.

"பிள்ளை, அமத்தாதை!"

"ஐயோ அத்தை, எல்லா இடமும் போயிடும்!"

"நான் ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். நல்ல நேரத்திலை தொடங்குவம் அம்மா."

அவள் டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். இவரும் கலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார். பன்னிரண்டு ஐந்துக்கு அமுக்கினாள்.

ஓரிடம்கூட இல்லை.

வான் இருக்கிறது, லீவு இருக்கிறது. நிறுத்த இடம் இல்லை. இடம் இல்லையென்றால் பயணமே இல்லை. "யாராச்சும் கேன்சல் பண்ணா மெசேஜ் வரும் அத்தை. பேர் குடுத்து வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனோம். வந்தவர் ஒருவரிடம் சிட்னிக்கென்று கணித்த பஞ்சாங்கம் இருந்தது. இவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, கோயில் என்றும் பாராமல் சிரித்தார்.

"இஞ்சாரும், சூரியன் உதிக்கிறதை வைச்செல்லோ ராகுகாலம் கணிக்கிறது! இஞ்சத்தைச் சூரியன் வேறை. அது போதாதெண்டு, கோடைக்கு மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். நேற்று இஞ்சை ராகுகாலம் பதினொண்டிலை இருந்து பன்னிரண்டே முக்கால் மட்டும்!"

அதாவது பத்தரை நல்ல நேரம். அதைக் கைவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் காவல் இருந்து, சரியாக ராகுவின் நடு வீட்டுக்குள் போய்ப் பொத்தானை அமுக்கியிருக்கிறோம்!

வரும் வழியில் காரில் யோசித்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் சிட்னியில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து ராகுவுக்குப் பயந்திருக்கிறேன். மகனின் கலியாணம், வீடு குடிபுகுந்தது எல்லாம் அந்தக் கலண்டர் பார்த்துத்தான். எத்தனை பிழையான நேரமோ? ஆனால் ஒன்றும் குறையவில்லையே!

திங்கட்கிழமை காலை எட்டு இருபது. மருமகள் வேலைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"அத்தை! ஒரு இடம் கேன்சல் ஆயிருக்கு! என் ஃபோன்ல பேஜ் திறக்கவே மாட்டேங்குது. டேப்லெட்ல அந்தப் பேஜ் திறந்தே இருக்கு, எடுங்க, அந்தப் பச்சை பட்டன—"

ரயில் சுரங்கத்துக்குள் போயிருக்க வேண்டும். சத்தமே இல்லை.

டேப்லெட்டை எடுத்தேன். முழுக்க ஆங்கிலம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதெல்லாம் ஓடாது. ஆனால் பச்சை, பச்சைதானே?

இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "இண்டைக்குத் திங்கள். ஏழரையிலை இருந்து ஒன்பது ராகு."

"அது யாழ்ப்பாணத்து ராகு. சிட்னி ராகு எப்ப?"

மனிதர் பஞ்சாங்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். பார்த்தார். "அதுவும் இப்பதானப்பா! ஒன்பதேகால் மட்டும் பொறும்."

இரண்டு ராகுவும் சேர்ந்து நிற்கிறார்கள். போன முறை பொறுத்துத்தானே இந்த நிலை? வேலியும் கண்ணுக்குள் வந்தது, மலையும் வந்தது. விரலைப் பச்சைக்கு நேரே கொண்டுபோனேன்...

அமுக்கிவிட்டேன்.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சரி அடையாளம் வந்தது. அதன் கீழே ஒரு பெயர். அந்த ஒரு சொல்லை எனக்கு ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரியும் — என் பெயர்! மருமகள் இடத்தை என் பெயரில் கேட்டு வைத்திருக்கிறாள்.

"எட, அமத்திப்போட்டீரே!" என்று இவர் வாயைப் பிளந்தார்.

அமத்திப்போட்டேன். புட்டுக்குழலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாயிற்று. அரிசிமாவு வறுத்து அரித்தாயிற்று.

வானில் ஆறு பேர் படுக்கலாம் என்றேனே... நாங்கள் ஐந்து பேர்தான். ராகு விரும்பினால் தாராளமாக வரட்டும்!