பிரித்த கொசுவம்

ஹெர்மினா பகலில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துவாள். மற்ற நேரத்தில், ஹ்ரோன் ஆற்றங்கரையிலிருந்த அந்த ஸ்லோவாக் கிராமத்தின் நடனக் குழுவுக்கு உடை தைப்பாள். தையலில் பெரிய பேர் வாங்கியவள் என்று சொல்ல முடியாது. அவள் தைத்த பாவாடை மேடையில் அவிழ்ந்ததில்லை, அவ்வளவுதான்.

கோடை விழாவுக்கு அந்தக் காலத்துக் குல்லாய் வேண்டும் என்றார்கள். கல்யாண இரவில் மணப்பெண்ணின் பூமுடியை எடுத்துவிட்டு வைக்கிற குல்லாய். அதோடுதான் அவளைச் சவப்பெட்டியிலும் கிடத்துவார்கள். அதனால் பழையவை எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. மிஞ்சியிருந்தது ஹெர்மினாவின் மூத்த நாத்தனார் யோலானாவுடையது ஒன்றுதான்.

“பிரிக்க மாட்டேல்ல? அதைப் போட்டுக்கிட்டுத்தான் நான் போய்ச் சேரணும்” என்றாள் யோலானா.

“சத்தியமா மாட்டேன் அண்ணி. வெளிப்பக்கமாவே அளவெடுத்துட்டுக் கொடுத்துடறேன்.”

மெல்லிய துணியைக் குல்லாய்மேல் விரித்து, தையல் ஓடும் வழியெல்லாம் குண்டூசி குத்தி, புள்ளிகளைக் காகிதத்தில் இறக்கிக் கோடு இழுத்தாள். நெற்றிப் பட்டை வந்தது. பக்கங்கள் வந்தன. பின்பக்கம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. கொசுவங்கள் அவ்வளவு நெருக்கம். உள்ளே எவ்வளவு துணி மடிந்து கிடக்கிறதென்று வெளியிலிருந்து தெரியவில்லை. உத்தேசமாக வெட்டித் தைத்த முதல் மாதிரிக் குல்லாய் பிடரியில் தொளதொளத்தது. அடுத்தது தலையில் ஏறவே இல்லை.

ஒரு ஞாயிறு, தெருவே சர்ச்சுக்குப் போயிருந்தபோது, கொசுவ நூலை ஊசி முனையால் நெம்பினாள். நூல் அறுந்தது. துணி தானாகவே விரிந்துகொண்டது. மடிப்புகளுக்குள் வெயில் காணாத சிவப்பு, நேற்றுச் சாயம் போட்டதுபோல. அதைப் பார்க்கத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. தோன்றிய பிறகும் பார்த்தாள், அளந்தாள்.

பழைய ஊசித் துளைகளிலேயே நூல் கோத்து மறுபடி தைத்தாள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் மீறிய வாக்கு மீறியதாகுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்படிக் கேட்க வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஹெர்மினா திருப்பிக் கொண்டுவந்ததும், யோலானா தன் சமையலறைக் கண்ணாடி முன் நின்று குல்லாயைப் போட்டுப் பார்த்தாள். கை பிடரிக்குப் போனது.

“என்னடி இது, கிள்ளவே மாட்டேங்குது?”

“நல்லதுதானே அண்ணி?”

“என் மாமியா கையால இழுத்து முடிஞ்சதுடி. போட்டா காதுக்குப் பின்னால விண்ணுன்னு தெறிக்கும். வாழ வந்தவளுக்கு உறைக்கணும்னே அப்படித் தைச்சா, புண்ணியவதி.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “என் தலைதான் வத்திப்போச்சு. அம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான். டாக்டர் எங்கிட்ட எதையோ மறைக்கிறான்.”

நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணி, உங்க தலைக்கு ஒண்ணுமில்ல. நான்தான் பிரிச்சேன்.”

“என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்றே.”

“இல்ல அண்ணி. உள்ள துணி அப்படியே ரத்தச் சிவப்பா இருக்கு.”

யோலானா நிமிர்ந்தாள். “உள்ள சிவப்புன்னு உனக்கெப்படித் தெரியும்?”

ஹெர்மினா பையிலிருந்து அளவுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஊர்க் கடுதாசியையும் இப்படித்தான் பிரிச்சுப் படிக்கிறியா? சத்தியம் பண்ணினியேடி, பாவி!”

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. யாரும் அதை இறக்கவில்லை. யோலானா பிடரியைத் தொட்டுக் காட்டினாள்.

“ஊசி எடு. மாமியா வெச்ச இறுக்கத்துக்கே இழு. மேல போனா முதல்ல அவதான் தொட்டுப் பார்ப்பா.”

குல்லாய் தலையில் இருக்க, ஹெர்மினா பின்னால் நின்று முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தாள். எத்தனை கொசுவம், எவ்வளவு துணி என்று அவளிடம் காகிதம் இருந்தது. எவ்வளவு இறுக்கம் என்பது அதில் இல்லை.

“இன்னும்.”

இழுத்தாள்.

“வலிக்குதா அண்ணி?”

“வலிக்கணும்டி. இன்னும்.”

நூல் விரலை அறுத்தது. யோலானா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டியது.

“இதான். போதும்.”

ஹெர்மினா முடிச்சுப் போட்டாள். காதுக்குப் பின்னால் தோல் சிவந்து கன்றியிருந்தது. தடவிவிடக் கை எழுந்தது. யோலானா தலையை நகர்த்திக்கொண்டாள்.